அமிலாய்டு இதயநோயில் ரத்தக்குழாய்கள்: எந்தச் சோதனையை எப்போது செய்வது?

அமிலாய்டு இதயநோய், அதாவது மடிப்பு தவறிய புரதம் இழைகளாக இதயத்தில் படியும் நோய், உறுதியான ஒருவருக்கு, கொஞ்சம் வேகமாக நடந்தாலே நெஞ்சு இறுக்குகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்தாகிவிட்டது, அடைப்பு எதுவும் இல்லை. இதயத் தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் மட்டும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் சற்றுக் கூடுதலாகவே வருகிறது. "ரத்தக்குழாய் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். அந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். ஆஞ்சியோவில் தெரிபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய குழாய்கள். அமிலாய்டு பெரும்பாலும் கைவைப்பது அதற்கு உள்ளே, தசைக்குள் புகுந்து கிளை பிரியும் நுண்குழாய்களில். அவற்றை ஆஞ்சியோ படத்தில் பார்க்கவே முடியாது.

சரி, அப்படியானால் எதைக் கொண்டு பார்ப்பது? பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ, இதயத்துக்குள் கம்பி விட்டு அளப்பது, கையில் பட்டை கட்டி அல்ட்ராசவுண்டு பார்ப்பது, விரல்நுனிக் கருவி, நாடி அலையின் வேகம் என்று வரிசையாக வழிகள் உண்டு. எல்லாமே "ரத்தக்குழாய் செயல்பாடு" என்ற ஒரே பெயரில் வருவதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. மற்ற இதய நோயாளிகளிடம் அது ஓரளவு செல்லும். அமிலாய்டில் செல்லாது. கையில் இருக்கும் குழாய் ஒன்றைச் சொல்லும், இதயத்துக்குள் இருக்கும் குழாய் வேறொன்றைச் சொல்லும்.

ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, இந்த நோயில் நுண்குழாய்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இதயத்தைப் பாதிக்கும் அமிலாய்டில் இரண்டு வகைகள்தான் மிகப் பெரும்பான்மை. ஒன்று ஏ.எல். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் லைட் செயின் புரதம் மடிப்பு தவறி, இழைகளாகப் படிவது. இன்னொன்று ஏ.டி.டி.ஆர். கல்லீரல் தயாரிக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் குலைந்து படிவது. இது பரம்பரையாகவும் வரும், முதுமையில் மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலும் வரும்.

இரண்டிலும் இழைகள் தசைநார்களுக்கு இடையே நிரம்புகின்றன. இறுகிய மண்ணுக்குள் புதைந்த ரப்பர் குழாயைப் போல, நுண்குழாய்கள் வெளியிலிருந்து நெருக்கப்பட்டு, தேவைப்படும்போது விரிய முடியாமல் நின்றுவிடுகின்றன. அதோடு குழாயின் சுவருக்குள்ளேயே இழைகள் படிந்து உள்வழி சுருங்குவதும் உண்டு. இது ஏ.எல் வகையில் அதிகம். இறந்தவர்களின் இதயத்தை ஆராய்ந்த மருத்துவர்கள், ஏ.எல் நோயாளிகளின் தசைக்குள் ஓடும் சிறு தமனிகள் அடைபட்டிருந்ததைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் இழுப்பதும், சாப்பிட மெல்லும்போது தாடை வலிப்பதும் சில ஏ.எல் நோயாளிகளுக்கு வருவது இதே காரணத்தால்தான்.

மூன்றாவது சங்கதி கண்ணுக்குத் தெரியாதது. ஏ.எல் வகையில், இழையாகப் படியும் முன்பே, ரத்தத்தில் சுற்றும் லைட் செயினே நச்சுத்தன்மை கொண்டது. குழாயின் உட்படலமான எண்டோதீலியத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி, குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதைக் குறைக்கிறது. ஆய்வகத்தில் மனித நுண்தமனிகளை லைட் செயினில் நனைத்துப் பார்த்த சோதனைகளில் இது தெரிந்தது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏ.எல் நோயாளிகளின் தோலில் மெல்லிய நரம்பிழைகள் கெட்டுப்போவதற்கு முன்பே உட்படலம் பழுதாகியிருப்பதைக் காட்டியது.

இதற்கு மேல் அழுத்தக் கணக்கு வேறு. இதயத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் இதயம் விரிந்து ஓய்வில் இருக்கும் நேரத்தில். அப்போது மகாதமனியில் இருக்கும் அழுத்தம் ரத்தத்தைத் தள்ளுகிறது, இதய அறைக்குள் இருக்கும் அழுத்தம் அதை எதிர்க்கிறது. அமிலாய்டில் பி.பி இறங்கியிருக்கும், விறைத்துப்போன அறைக்குள் அழுத்தமோ ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் நெருக்கடி. தசையின் உட்புற அடுக்குதான் இதில் முதலில் பட்டினி கிடக்கிறது.

இப்போது சோதனைகளுக்கு வருகிறேன். எந்தக் கருவிக்கும் முன்னால் செய்ய வேண்டியது, நோயாளியைப் படுக்க வைத்து பி.பி பார்த்து, எழுந்து நிற்கச் சொல்லி 3 நிமிடங்களுக்குள் மறுபடி பார்ப்பது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மி.மீ. இறங்கினால், நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். அப்போது நாடித்துடிப்பு ஏறுகிறதா என்றும் எண்ண வேண்டும். பி.பி விழுந்தும் நாடி அசையாமல் இருந்தால், குழாய்களைச் சுருக்க வேண்டிய தானியங்கி நரம்புகளே பழுதாகியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். பல வருடங்களாக பி.பி மாத்திரை சாப்பிட்டவருக்கு அது தானாகத் தேவைப்படாமல் போவதும் இந்த நோயின் ஓர் அடையாளம். வீட்டில் எல்லோரும் "பி.பி சரியாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அது மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய சேதி. இந்தச் சிறிய பரிசோதனையைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது என்பது என் கருத்து. பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையும் பாதுகாப்பானதா, அதன் எண்ணை நம்பலாமா என்பதையெல்லாம் இதுதான் தீர்மானிக்கிறது.

இதயத்தின் நுண்குழாய்களை நேரடியாக அளப்பதில் பெட் ஸ்கேனுக்குத்தான் என் முதல் இடம். ஓய்வில் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகிறது என்று அளந்து, பிறகு குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடி அளப்பார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது ஓட்டக் கையிருப்பு. ஆரோக்கியமான இதயத்தில் ஓட்டம் மூன்று நான்கு மடங்கு ஏறும். 2-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வது வழக்கம்.

2014-ல் போஸ்டனைச் சேர்ந்த ஷர்மிளா டோர்பாலாவின் குழு, பெரிய குழாய்களில் அடைப்பில்லாத அமிலாய்டு நோயாளிகளை, ரத்தக்கொதிப்பால் இதயச் சுவர் தடித்தவர்களோடு ஒப்பிட்டது. இரண்டு கூட்டத்தாருக்கும் சுவர் தடித்துத்தான் இருந்தது. கையிருப்பு மட்டும் ரத்தக்கொதிப்புக்காரர்களிடம் சராசரியாக 2.2 அளவில் இருக்க, அமிலாய்டு நோயாளிகளிடம் 1.2 அளவில்தான் இருந்தது. அதாவது மருந்து கொடுத்தும் ஓட்டம் ஏறவே இல்லை என்று சொல்லலாம். அமிலாய்டு நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் உச்ச ஓட்டம் (விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு அளந்தது) நிமிடத்துக்கு, கிராமுக்கு 1.3 மில்லியைத் தொடவில்லை.

ஆய்வு சிறியதுதான். ஆனாலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, "எல்லாத் தடித்த இதயத்துக்கும் இப்படித்தான்" என்று தள்ளிவிட முடியாது. அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அமிலாய்டு நோயாளிகளுக்கு ஓய்வு நேர ஓட்டமே குறைவாக இருந்தது. வகுக்கும் எண் சிறிதானால் விகிதம் பெரிதாகத் தெரியும். அதனால் அறிக்கையில் கையிருப்பு விகிதத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், உச்ச ஓட்டம் எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள்.

பெட் ஸ்கேனுக்கு என்ன தடை? முதலில், கிடைப்பது. ஓட்டத்தைப் பின்தொடர ரத்தத்தில் செலுத்தும் கதிரியக்கப் பொருளைத் தடயப்பொருள் என்பார்கள். அம்மோனியா என்ற தடயப்பொருளின் கதிரியக்கம் 10 நிமிடத்தில் பாதியாகிவிடும், அதனால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ருபிடியம் என்ற இன்னொன்று 76 விநாடியில் பாதியாகிவிடும், அதை அங்கேயே தயாரிக்கும் ஜெனரேட்டர் என்ற தனிக் கருவி வேண்டும். புற்றுநோய்க்குப் பெட் ஸ்கேன் எடுக்கும் எல்லா இடங்களிலும் இதய ஓட்டத்தை அளக்க முடியாது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது தடை, விரிக்கும் மருந்து. அடினோசின், ரெகாடினோசன், டைபிரிடமோல் ஆகிய மூன்றும் பி.பி-யை இறக்கக்கூடியவை. அமிலாய்டு இதயத்தில் மின்கடத்தல் கோளாறு சகஜம். பேஸ்மேக்கர் இல்லாமல் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை மின்கடத்தல் தடை (ஹார்ட் பிளாக்) இருந்தால் இம்மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. மேல் அளவு பி.பி 90-க்குக் கீழே இருந்தாலும் அப்படியே. மூச்சுக்குழாய் இறுகும் ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றில் அடினோசினுக்கு ஒரு சௌகரியம் உண்டு: செலுத்துவதை நிறுத்தினால் சில விநாடிகளில் விளைவு போய்விடும். பி.பி விளிம்பில் இருக்கும் ஒருவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று பேசும்போது இது முக்கியமான விஷயம். சோதனைக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காபி, டீ கூடாது. குடித்துவிட்டுப் போனால் மருந்து வேலை செய்யாமல், கையிருப்பு இல்லை என்று பொய்யாகக் காட்டிவிடும்.

பெட் கிடைக்காதபோது, வழக்கமான தாலியம் அல்லது டெக்னீஷியம் இதய ஓட்ட ஸ்கேனை அதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்பதே என் பதில். அந்த ஸ்கேன் தசையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடுதான் ஒப்பிடுகிறது. அமிலாய்டில் எல்லாப் பகுதிகளிலும் ஓட்டம் சேர்ந்தாற்போல் குறைவதால் படம் சீராக, அழகாக வந்துவிடும். நோயாளிக்கு மறுபடியும் "எல்லாம் நார்மல்" என்ற தாள் கிடைக்கும். டிரெட்மில்லும் இங்கே உதவாது. இந்த நோயில் ஈ.சி.ஜி ஏற்கெனவே மாறிப்போயிருக்கும், அதில் ஏற்படும் புது மாற்றத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

பெட்டுக்கு உண்மையான போட்டி என்றால் மருந்து கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ-தான். ஒரே அமர்வில் நிறையத் தெரிந்துவிடும்: சுவரின் தடிப்பு, தசைச் செல்களுக்கு வெளியே உள்ள இடம் எவ்வளவு பெருகியிருக்கிறது, படத்துக்காக ஊசியில் செலுத்தும் காடோலினியம் என்ற சாயம் எந்த அடுக்கில் தங்குகிறது என்பதெல்லாம். ஆரோக்கியமானவர்களிடம் தசையின் கால்பங்கு அளவில் இருக்கும் அந்த வெளியிடம், அமிலாய்டில் 40 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். ஓட்டத்தைப் புள்ளிக்குப் புள்ளி எண்ணாகத் தரும் மென்பொருள் இருக்கும் மையங்களில், உட்புற அடுக்கு தனியாக எவ்வளவு தவிக்கிறது என்பதையும் காணலாம். அது இல்லாத மையத்தில் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லும் அறிக்கைக்கு, மேலே சொன்ன சீரான குறைவு பிரச்சினை இங்கேயும் வரும். ஆகவே, "ஓட்டத்தை எண்ணாகத் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் முன்பதிவு செய்ய வேண்டும்.

மருந்துத் தடைகள் பெட்டுக்கு உள்ளவையே. கூடுதலாக, சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் எந்த வகைக் காடோலினியம் என்று யோசிக்க வேண்டும். ஏ.எல் நோயில் சிறுநீரகமும் அடிபடுவது அடிக்கடி நடப்பதால், கிரியாட்டினின் அறிக்கையைக் கையில் வைத்திருப்பது அவசியம். பேஸ்மேக்கர் உள்ளவருக்குப் படம் சிதையலாம். மூச்சுத்திணறலோடு ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்குவது என்பது சிலருக்கு முடியவே முடியாத காரியம். நோய் இன்னும் உறுதியாகாத நிலையில் எம்.ஆர்.ஐ-யையும், உறுதியான பிறகு நெஞ்சுவலிக்குக் காரணம் தேடும்போது பெட்டையும் நான் முன்னிறுத்துவேன்.

கம்பி விட்டு அளப்பதைத் தனியாக ஒரு சோதனையாகச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எப்படியும் ஆஞ்சியோ அறைக்குள் போகப் போகிறார் என்றால் கதை வேறு. அழுத்தமும் வெப்பமும் உணரும் மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்தி, ஓட்டக் கையிருப்பையும் நுண்குழாய்களின் தடையையும் அங்கேயே அளந்துவிடலாம். தடைக்குறியீடு 25-ஐத் தாண்டினால் நுண்குழாய்கள் இறுகியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதய பயாப்சியும் தேவைப்படும் நோயாளியாக இருந்தால், அதே அமர்வில் திசுவையும் எடுத்துக் காங்கோ ரெட் சாயத்தில் பார்த்து அமிலாய்டுதான் என்று உறுதி செய்து, எந்தப் புரதம் என்பதை அதே திசுவில் தனிச் சோதனை செய்து தீர்த்துவிடலாம். ஆக, ஆஞ்சியோவுக்குத் தேதி குறிக்கும் முன்பே "நுண்குழாயையும் சேர்த்து அளக்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். முடிந்து வெளியே வந்த பிறகு கேட்டால் மறுபடி குத்த வேண்டியிருக்கும்.

பெரிய குழாய்களைப் பார்க்க சி.டி ஆஞ்சியோ போதும் என்று முடிவானால், ஓர் எச்சரிக்கை. தெளிவான படத்துக்காக அங்கே வழக்கமாக நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரும், நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரினும் கொடுப்பார்கள். அமிலாய்டு இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தமே தள்ள முடிவதால், துடிப்பின் வேகத்தை நம்பித்தான் உடம்புக்கு ரத்தம் அனுப்புகிறது. நாடியைக் குறைத்து, கூடவே பி.பி-யையும் இறக்கினால் நோயாளி மயங்கி விழலாம். நோயின் பெயரை அந்த அறையில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பரிந்துரைச் சீட்டில் எழுதியிருக்கும் என்று விட்டுவிட வேண்டாம்.

கையில் செய்யும் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எளிது, கதிரியக்கம் இல்லை, ஊசி இல்லை என்பதால் இதன்மேல் ஒரு கவர்ச்சி உண்டு. முன்கையில் பட்டையைக் கட்டி 5 நிமிடம் ரத்தத்தை நிறுத்திவிட்டு, சட்டென்று விட்டதும் கைத்தமனி எத்தனை சதவீதம் விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். பாய்ந்து வரும் ரத்தம் உட்படலத்தை உரச, அது நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட, குழாய் விரிகிறது. 1992-ல் இந்த முறை அறிமுகமானதிலிருந்து, சர்க்கரை, புகை, கொழுப்பு எல்லாவற்றிலும் பார்த்தாகிவிட்டது. அங்கெல்லாம் விதி ஒன்றே: அதிகம் விரிந்தால் நல்லது, விரியாவிட்டால் கெட்டது.

ஏ.எல் அமிலாய்டில் இந்த விதி தலைகீழாகிறது. 2015-ல் ஏதென்ஸ் மருத்துவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஏ.எல் நோயாளிகளிடம் இதை அளந்தபோது, குழாய் அதிகம் விரிந்தவர்களே சீக்கிரம் இறந்தார்கள். முதல் பார்வைக்கு இது நம்ப முடியாதது. கொஞ்சம் யோசித்தால் வழி தெரியும். குழாயைச் சுருக்கிப் பிடித்து வைப்பது தானியங்கி நரம்புகளின் வேலை. அவை கெட்டுப்போனால், தடுத்து நிறுத்த ஆளில்லாமல் குழாய் தளர்ந்து விரிகிறது. அதாவது, பெரிய எண் உட்படலத்தின் ஆரோக்கியத்தைக் காட்டாமல், நரம்பின் பழுதைக் காட்டக்கூடும். அதே நோயாளியின் இதயத்துக்குள் நுண்குழாய்கள் விரியவே முடியாமல் இருக்கலாம். கைத்தமனியின் அறிக்கையைப் பார்த்து, ரத்தக்குழாய் அருமையாக இருக்கிறது என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், அது எவ்வளவு பெரிய தவறாக முடியும்!

இச்சோதனையின் இரண்டாம் பாதியில், உட்படலத்தைச் சாராமல் குழாய் விரிகிறதா என்று பார்க்க நைட்ரோகிளிசரின் கொடுப்பதும் உண்டு. தாழ்ந்த பி.பி உள்ள அமிலாய்டு நோயாளிக்கு அது தேவையில்லாத ஆபத்து. இந்த நோயில் மிகவும் சகஜமான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு இருந்தால், துடிப்புக்குத் துடிப்பு ஓட்டம் மாறுவதால் அளவும் நிலையாக இருக்காது. ஆராய்ச்சிக்கு இது மதிப்புள்ள கருவி, தனி ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்ய நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இதேபோல் பட்டை கட்டி விட்டபின் விரலில் நாடியின் வீச்சு எவ்வளவு கூடுகிறது என்று அளக்கும் விரல்நுனிக் கருவிக்கும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான். விரலில் நாடியின் வீச்சு நரம்பின் கட்டுப்பாட்டில் இன்னும் அதிகமாக இருப்பதால் குழப்பமும் அதிகம். நாடி அலையின் வேகம் மகாதமனியின் விறைப்பைச் சொல்லும். விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் விறைப்பு என்பது ரத்தக்கொதிப்பு மருத்துவத்தின் அளவுகோல். ஆனால் அலையின் வேகம் பி.பி-யோடு சேர்ந்து ஏறி இறங்குவது. பி.பி தாழ்ந்தவரிடம் வரும் நல்ல எண் எதையும் நிரூபிக்காது.

இவ்வளவும் செய்து, நுண்குழாய்கள் விரியவில்லை என்று தெரிந்தால் என்ன மாறும்? இதைக் கேட்காமல் எந்தச் சோதனைக்கும் பணம் கட்டக் கூடாது. நேர்மையாகச் சொன்னால், நுண்குழாய்களுக்கென்றே தனி மருந்து எதுவும் இப்போது கைவசம் இல்லை. நெஞ்சுவலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் நைட்ரேட், பீட்டா பிளாக்கர், வெரபமில் எல்லாம் இவர்களுக்கு ஒத்துக்கொள்வது கடினம். சிகிச்சை அடிப்படையான அமிலாய்டு நோய்க்குத்தான்: ஏ.எல் என்றால் லைட் செயினைத் தயாரிக்கும் செல்களை அடக்க டாராடுமுமாப் சேர்ந்த மருந்துத் தொகுப்பு, ஏ.டி.டி.ஆர் என்றால் புரதத்தைக் குலையாமல் நிறுத்தும் டஃபாமிடிஸ், அகோராமிடிஸ் அல்லது அதன் உற்பத்தியையே குறைக்கும் வுட்ரிசிரான்.

ஆனாலும் சோதனையால் பயன் உண்டு. வலிக்குக் காரணம் தெரிகிறது, மறுபடி மறுபடி ஆஞ்சியோவுக்குப் போவது நிற்கிறது, ட்ரோபோனின் ஏறியிருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் மாரடைப்பு என்று பதறுவது குறைகிறது. வயதான ஏ.டி.டி.ஆர் நோயாளிக்குப் பெரிய குழாயில் ஓரளவு அடைப்பும் சேர்ந்து இருந்தால், ஸ்டென்ட் வைத்தால் வலி குறையுமா என்று எடைபோடவும் இந்த எண்கள் உதவும். தசை முழுவதும் ஓட்டம் சீராகக் குறைந்திருக்கும்போது, பாதி அடைத்த ஒரு குழாயை மட்டும் திறப்பதில் பெரிய நிவாரணம் எதிர்பார்க்க முடியாது.

வலியே இல்லாத, மூச்சுத்திணறல் மட்டும் உள்ள, நோயின் வகை ஏற்கெனவே உறுதியான ஒருவருக்கு? அவருக்கு இந்தச் சோதனைகள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நேரத்தையும் பணத்தையும் அமிலாய்டுக்கான அடிப்படை சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவதில் செலவிடலாம். வகையே இன்னும் தெரியாதவருக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கிறது: ரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏ.எல் நோயில் வாரக்கணக்கில் தாமதிப்பதே உயிருக்கு ஆபத்து.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஓட்டம் மேம்பட்டதா என்று பார்க்க ஆசை வரும். அறிகுறி மாறியிருந்தால் மட்டும் மறுபடி அளக்கலாம், அதுவும் அதே மையத்தில், அதே தடயப்பொருளில், அதே விரிக்கும் மருந்தில். மற்றபடி முன்னேற்றத்தைச் சொல்ல லைட் செயின் அளவும், இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி-புரோ-பி.என்.பி என்ற ரத்தப் பரிசோதனையும் போதும். ஏ.எல் சிகிச்சைத் தொகுப்பில் இருக்கும் போர்டெசோமிப் நரம்பைப் பாதித்து, நிற்கும்போது பி.பி-யை இன்னும் இறக்கிவிடக்கூடியது. எனவே ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் படுத்தும் நின்றும் பி.பி பார்த்து, இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி எடுத்துப்போனால், அளவைக் குறைப்பதா, பி.பி-யை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரையைச் சேர்ப்பதா என்று மருத்துவர் அன்றைக்கே முடிவெடுக்க முடியும்.